வேண்டாம் எண்டு சொல்ல வாய் தந்தவ

1996 ஆடி மாசம். வடக்கு இத்தாலியிலை இருக்கிற ஒரு பெரிய பொறியியல் கல்லூரி என்னை எடுக்க ஏலாது எண்டு சொல்லிப்போட்டுது. டெலிபோனை வைச்சிட்டு, பலெர்மோவிலை, அல்பெர்கேரியாப் பக்கம் இருந்த எங்கடை அறைக்குள்ளை குப்புறப் படுத்தவள்தான். அப்பா சோத்தைக் கொண்டுவந்து வைச்சார். எடுத்துக்கொண்டு போனார். பிறகும் கொண்டுவந்து வைச்சார். எனக்கு அவரின்ரை முகத்தைப் பாக்க ஏலாமல் கிடந்தது.

பலெர்மோ மலையிலை குடியிருக்கிற புனித ரொசாலியா அம்மாவை நம்பிற உங்களுக்குத்தான் இதைச் சொல்லுறன். நாங்கள் சைவம். வீட்டிலை பிள்ளையார் படத்துக்குத்தான் விளக்கு. எண்டாலும் பலெர்மோவுக்கு வந்த எங்கடை சனம் ஞாயிற்றுக்கிழமையிலை வெறுங்காலோடை அந்த மலை ஏறுறது உங்களுக்குச் சொல்லித் தெரியத் தேவையில்லை. என்ரை அப்பாவும் ஏறுவார். மச்சம் தொடாத மனுசன், ஸ்ஃபெர்ராகவால்லோவிலை ஒரு மீன் சாப்பாட்டுக் கடையிலை கிழமை முழுக்கக் கோப்பை கழுவிப்போட்டு, ஞாயிறு காலமை தோய்ஞ்சிட்டு ஏறுவார். கேக்கிறது ரெண்டே ரெண்டுதான். ஊரிலை நிக்கிற அம்மா வந்து சேரவேணும். நான் அந்தக் கல்லூரிக்குப் போகவேணும். நானும் அதைத்தான் கேட்டன்.

எனக்கு முதல்லை விசாப் பேப்பர் சரிவந்தபடியால் பதினாலு வயசிலை அப்பாவிட்டை வந்திட்டன். அம்மா பிறகு வாறதெண்டு இருந்தவ. அந்தப் பிறகு வரவேயில்லை. 95 கடைசியிலை யாழ்ப்பாணத்துச் சனம் முழுக்க இடம்பெயர்ந்து வன்னிக்குப் போன நேரம், அம்மாவும் போனா. அதோடை ஒரு சேதியும் இல்லை.

நான் அப்ப பலெர்மோ யூனிவர்சிட்டியிலை படிச்சுக்கொண்டிருந்தன். படிப்பு விளங்கேல்லை எண்டு இல்லை. சத்தியமாய் விளங்கினது. ஆனா இஞ்சை சோதினை முக்கால்வாசி வாயாலை. புரொஃபசோரேக்கு முன்னாலை இருந்து கதைக்கவேணும். பல்லாரோ சந்தையிலை மீன்காரனோடை சண்டை பிடிக்கிற வாய் எனக்கு. அந்தக் கதிரையிலை இருந்தால் ஒட்டிப்போகும். கேட்டதுக்குப் பதில் சொல்லிப்போட்டுத் தலையைக் குனிஞ்சு கொண்டிருப்பன். வாத்தியாருக்கு முன்னாலை அப்பிடித்தானே இருந்து பழக்கம். அவையள் நினைச்சினம் இவளுக்கு இவ்வளவுதான் தெரியும் எண்டு. கணக்குச் சோதினையிலை ரெண்டு தரம் விழுந்தன். மற்றதுகளிலை பதினெட்டு, பத்தொன்பது. முப்பதுக்குப் பதினெட்டு எண்டால் தப்பிப் பிழைச்சது, அவ்வளவுதான்.

புள்ளியைச் சொல்லிப்போட்டுப் புரொஃபசோரே ஒவ்வொரு முறையும் கேப்பார், ஏற்றுக்கொள்ளுறியா எண்டு. நான் ஓம் எண்டு தலையாட்டி, நன்றியும் சொல்லிப்போட்டு வருவன்.

அந்தப் புள்ளியளைப் பாத்துக் கல்லூரி என்னைத் தள்ளினதுக்குப் பிறகுதான் என்னோடை படிச்ச தனியேலா கேட்டாள், ஏன்டி அந்தப் பதினெட்டுகளையெல்லாம் எடுத்தனி எண்டு. அவள் இருபத்திரண்டையே வேண்டாமெண்டு சொல்லி, அடுத்த தவணை வந்து இருபத்தொன்பது எடுத்தவளாம். புள்ளியை மறுக்கலாமாம். எல்லாருக்கும் தெரியுமாம். வாத்தியார் தாற புள்ளியை வேண்டாமெண்டு சொல்லுறதோ? எங்கடை பிள்ளையள் ஆரும் அப்பிடிச் செய்வினமோ? நான் அந்தக் கேள்வியை மரியாதைக்குக் கேக்கிறார் எண்டெல்லோ நினைச்சனான். எடுத்த புள்ளி எடுத்ததுதான், இனி மாத்த ஏலாது. மிச்சச் சோதினையளிலை நல்லாய்ச் செய்தால் வாற வருசம் திரும்ப விண்ணப்பிக்கலாம் எண்டு கல்லூரியிலை சொல்லியிருந்தினம். அந்த ஒரு கதவுதான் இருந்தது.

அது கிடக்க, மார்கழியிலை கொழும்பிலை இருந்து சித்தப்பா டெலிபோன் எடுத்தார். அம்மா கிளிநொச்சிப் பக்கத்திலை மலேரியா வந்து மோசம் போயிட்டா. பாதையெல்லாம் பூட்டு, ஆள் வந்து சொல்லித்தான் அவருக்கே தெரியுமாம். நாங்கள் அறியேக்கை முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிஞ்சுபோச்சு. ஆரோ அறியாத சனம் செய்திருக்கினம். அப்பா ரிசீவரைப் பிடிச்சபடி ஓம், ஓம் எண்டு சொல்லிக்கொண்டே நிண்டார். லைன் வெட்டுப்பட்ட பிறகும் ஓம் எண்டார். ஐயோ, அந்த ஓம் இண்டைக்கும் என்ரை காதிலை கேக்குது.

இப்பச் செத்தவீட்டுத் துடக்கோ இல்லையோ, கோயிலுக்குப் போகலாமோ கூடாதோ எண்டு அப்பாவுக்குத் தெரியேல்லை. நான் ஒருத்தரையும் கேக்கேல்லை. அடுத்த நாள் தனிய மலை ஏறினன். கும்பிடப் போகேல்லை, சண்டைக்குத்தான் போனன். மலைக் குகைக் கோயிலுக்குள்ளை, கண்ணாடிக்குள்ளை சிலையாய்ப் படுத்திருக்கிற ரொசாலியா அம்மாவுக்கு முன்னாலை நிண்டு தமிழிலை கத்தினன். என்ரை அப்பான்ரை கால் வெடிச்சது உனக்குத் தெரியேல்லையோ எண்டு கேட்டன். வாயிலை வந்ததெல்லாம் சொன்னன். பக்கத்திலை நிண்ட இத்தாலிக்காரப் பொம்பிளை ஒரு சொல்லும் விளங்காமல் என்ரை முதுகைத் தடவிக்கொண்டு நிண்டா. கடைசியிலை கத்தவும் ஏலாமல் போச்சு.

"அம்மாவை விட்டிட்டாய். எனக்கு வாயையாவது தா" எண்டன்.

செபம் எண்டு நான் செய்தது அது ஒண்டுதான்.

97 மாசி மாசம் சோதினை. கறுத்தச் சட்டையோடை போனன். புரொஃபசோரே ஏன் எண்டு கேட்டார், சொன்னன். மனுசனுக்குப் பாவமாய்ப் போச்சு. நாலு கேள்வி கேட்டு நிப்பாட்டிப்போட்டு, இருபத்தொண்டு தாறன், ஏற்றுக்கொள்ளுறியா எண்டு கேட்டார். அவர் இரங்கித் தந்தது எண்டு எனக்குத் தெரியும். மற்ற நேரமெண்டால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பன்.

"வேண்டாம், புரொஃபசோரே. எனக்கு இன்னும் தெரியும். நான் திரும்ப வாறன்."

சத்தியமாய் அது நான் யோசிச்சுச் சொன்னது இல்லை. அடுத்த தவணை போனன். நிமிந்து இருந்து, கேக்காததையும் சேத்துச் சொன்னன். இருபத்தெட்டு. அதுக்குப் பிறகு வந்த சோதினையள் ஒண்டிலும் நான் தலை குனியேல்லை. கணக்கும் பாஸ்.

அந்தக் கோடையிலை திரும்ப விண்ணப்பிச்சன். நேர்முகத்துக்குக் கூப்பிட்டினம். மேசைக்கு அங்காலை மூண்டு பேர். முதல் வருசப் புள்ளியள் ஏன் இப்பிடி எண்டு ஒருத்தர் கேட்டார். எங்கடை ஊரிலை வாத்தியார் தாறதை மறுக்கிறேல்லை, தந்ததை எடுத்தன் எண்டு சொன்னன். சிரிச்சினம். அப்ப பிறகு என்ன மாறினது எண்டு கேட்டா அந்த மூண்டு பேரிலை ஒரு பொம்பிளை.

"என்ரை அம்மா செத்துப்போனா. அதுக்குப் பிறகு எனக்கு இழக்கப் பயமில்லை."

அதுக்குப் பிறகு அவையள் படிப்பைப் பற்றித்தான் கேட்டினம். நான் கதைச்சன், கதைச்சன், மணி போனது தெரியாமல் கதைச்சன். புரட்டாதியிலை டெலிபோன் வந்தது. எடுத்திட்டினம்.

ஸ்தாசியோனே சென்ட்ராலே ரெயில் ஸ்டேசனுக்கு அப்பா வந்து பெட்டியை ஏத்திவிட்டார். ரெயின் வெளிக்கிடுற நேரம் யன்னலடியிலை வந்து நிண்டு கேட்டார்.

"இதைக் கொம்மாவுக்கு ஆர் சொல்லுறது?"

மெஸ்ஸினா வரைக்கும் நான் அழுதுகொண்டுதான் போனன்.

இப்ப 1999. இந்த வருசம் படிப்பு முடியுது. கல்லூரிக்கு வாற புதுப் பிள்ளையளுக்கு முதல் வேலையாய் நான் சொல்லிக் குடுக்கிறது, புள்ளியை மறுக்கலாம் எண்டதைத்தான். லீவுக்குப் பலெர்மோ வரேக்கையெல்லாம் அப்பாவோடை மலை ஏறுறன். நன்றி சொல்லத்தான் ஏறுறன். எண்டாலும் பொய் சொல்லக் கூடாது, நாங்கள் ரெண்டு கேட்டனாங்கள், அவ ஒண்டுதான் தந்தவ. மற்றதுக்காக இண்டைக்கும் எனக்கு அவவோடை கோவம். அந்தக் கோவத்தையும் சேத்துக் கேக்கிறதுக்கு அவவை விட்டால் எனக்கு வேறை ஆர் இருக்கினம்?

உங்கடை பிள்ளையும் எங்கையாவது குப்புறப் படுத்துக் கிடந்தால், ஒருக்காக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போங்கோ. நல்ல பிள்ளையாய்க் கும்பிடு எண்டு சொல்லாதையுங்கோ. ஏச வேணுமெண்டால் ஏசட்டும். அவ கேட்டுக்கொண்டு இருப்பா.