மீன் பிடிக்கிறவனுக்குச் சொன்னது

அப்பா செத்தது எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு வருஷக் கடைசியில். கோலாலம்பூருக்கு வடக்கே, மலையில், ரிங்லெட்டுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அந்த மாதங்களில் துணி காயாது, அடுப்பு ஒழுங்காக எரியாது, ஆட்கள் முகத்தில் சுரத்து இருக்காது. அந்த ஈரத்தில் எப்படியோ எரித்து முடித்து, மறுநாள் சாம்பலையும் எலும்பையும் மண்கலயத்தில் எடுத்து மஞ்சள் துணி கட்டி வைத்திருந்தோம். அதைக் கடலில் கரைக்க வேண்டும். எந்தக் கடல் என்பதில்தான் சண்டை ஆரம்பித்தது.

ஆரம்பித்தவர் என் சித்தப்பா, அப்பாவின் ஒரே தம்பி. இளவயதிலேயே மலையை விட்டு இறங்கி, குவாந்தான் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் மண்டோராகப் போய்ச் சேர்ந்தவர். ஆட்களை மேய்க்கிற வேலை. அந்த ஆட்களோடு எங்களையும் சேர்த்துத்தான் எண்ணிக்கொள்வார். அப்பா படுக்கையில் கிடந்தபோது ஒரு தடவைகூட எட்டிப் பார்க்காத மனிதர், சாவு வீட்டில் வந்து இறங்கியதும் நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, யார் எங்கே நிற்பது, யார் எப்போது அழுவது என்பது வரைக்கும் உத்தரவு போட ஆரம்பித்துவிட்டார். எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது. செத்தவர்களைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். அவரும் போய்ச் சேர்ந்து ரொம்ப காலம் ஆகிவிட்டது. எனக்கு அவரை இன்னும் ஆகவில்லை.

எங்கள் பக்கத்தில் யார் செத்தாலும் சாம்பலை லூமுட் கடலுக்குத்தான் கொண்டுபோவார்கள். மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்கி மேற்கே போனால் மத்தியானத்துக்குள் காரியம் முடியும், இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம். அங்கே தண்ணீர் குளம் மாதிரி சும்மா கிடக்கும்.

"அது ஒரு கடலா? சேத்துத் தண்ணி," என்றார் சித்தப்பா. "எங்க அண்ணன சேத்துல கரைக்கச் சொல்றீங்களா? சூரியன் உதிக்கிற கடல்ல கரைக்கணும். எங்க பக்கம் கொண்டு போவோம்."

உதிக்கிற கடலும் மறைகிற கடலும் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. தன் தோட்டத்து ஆட்கள் முன்னால் அண்ணன் காரியத்தைத் தான் நடத்திக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். இது எனக்குத் தெரிந்தது, அம்மாவுக்குத் தெரிந்தது, லயத்து வரிசை வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்தது. ஒருவர் வாய் திறக்க வேண்டுமே!

நான் திறந்தேன். "கிழக்க இப்ப காத்து மழை காலம், சித்தப்பா. கடல் ரொம்ப மோசமா இருக்குன்னு ரேடியோவுல தெனமும் சொல்றாங்க."

நான் அப்போது தோட்டத்து ஆபீசில் தட்டச்சு வேலையில் இருந்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் தமிழ்ச் செய்தி கேட்பது வழக்கம். செய்தி முடிந்ததும் வானிலை. அந்த வாரம் முழுக்க ஒரே பாட்டு. கிழக்குக் கரையில் பலத்த காற்று, கடல் கொந்தளிப்பாக இருக்கும், அலைகள் உயரமாக எழும்பும், மீனவர்களும் சிறு படகுகளும் கடலுக்குப் போக வேண்டாம். மலை மேலே உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்பவர்களுக்கு அது யாருக்கோ சொல்கிற சேதி. எனக்கும் அதுவரை அப்படித்தான் இருந்தது.

சித்தப்பா சிரித்தார். "அது மீன் பிடிக்கிறவனுக்குச் சொல்றான். நாம என்ன வலை வீசவா போறோம்?"

கூடியிருந்தவர்களும் சிரித்தார்கள். சாவு வீட்டில்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் பயமெல்லாம் அண்ணனை நினைத்துத்தான். கொள்ளி வைத்தவன் அவன். கலயத்தோடு கடலில் இறங்க வேண்டியவனும் அவன்தான். தேயிலை லாரி ஓட்டுகிறவன். தாப்பா ரோட்டு வளைவெல்லாம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் உண்மையான தண்ணீரில் முழங்காலுக்கு மேல் இறங்கியவன் இல்லை. எங்கள் ஆற்றுத் தண்ணீரின் குளிருக்கு, எங்களுக்கு விழுந்து எழுந்து ஓடத்தான் தெரியும். நீச்சல் தெரிந்த ஒரு ஆள் எங்கள் லயத்தில் இல்லை.

அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். "அண்ணே, லூமுட்டுக்கே போலாம்ணே. கொள்ளி வச்சவன் நீ. நீ சொன்னா அவரு கேட்டுத்தான் ஆவணும்."

"பெரியவங்க சொல்றாங்க, விடு."

"அப்பா கெடந்தப்ப எங்க போயிருந்தாரு இந்தப் பெரியவரு?"

"சாவு வீட்ல சண்ட வேணாம்லா. வாய மூடிக்கிட்டு இரு."

அண்ணன் அப்படித்தான். மொட்டை அடித்த தலையோடு, யாராவது அதட்டினால் குனிந்துகொள்வதற்கென்றே பிறந்தவன் மாதிரி நின்றான்.

பொம்பளைப் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்று அடுத்ததாக என்னைத் தடுக்கப் பார்த்தார் சித்தப்பா. வேன் வந்ததும் முதல் ஆளாக ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன். முடிந்தால் இறக்கிப் பார்க்கட்டும்.

தாப்பா இறங்கி, கோலாலம்பூர் போய், காராக் மலைப்பாதை ஏறி, மறுபடி இறங்கி, நாள் பூராவும் மழையில் போனோம். கலயம் அண்ணன் மடியில் இருந்தது. சித்தப்பா முன் சீட்டில் உட்கார்ந்து குறட்டை விட்டார். ராத்திரி அவர் வீட்டில் படுத்து, விடிந்ததும் கடற்கரைக்குக் கிளம்பினோம். சித்தப்பா, அண்ணன், நான், வேன் ஓட்டியவர், நாலே பேர். மழை விடாததால் அவர் காட்ட நினைத்த தோட்டத்து ஆட்கள் ஒருவரும் வரவில்லை.

கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை நின்று வெயில் அடித்தது. நீல வானம், ஒரு பொட்டு மேகம் இல்லை. சித்தப்பா முகத்தில் பூரிப்பைப் பார்க்க வேண்டுமே!

"பாத்தியா வானத்த? எங்க இருக்கான் ஒங்க ரேடியோக்காரன்? கூப்புடு அவன!"

மலைக்காரர்கள் எல்லாருக்கும் இந்தப் புத்திதான். எங்களுக்கு வானம் வெளுத்தால் எல்லாம் வெளுத்தது. மூட்டம் விலகினால் துணியைக் காயப்போடலாம், கொழுந்து எடுக்கப் போகலாம், லாரியை இறக்கலாம். வானம் ஒன்றும் கடல் ஒன்றுமாக இருக்கும் என்று எங்களுக்கு யார் சொல்லித் தந்தார்கள்? எங்கேயோ தூரத்தில் அடித்த காற்றுக்கு இங்கே வெயிலில் அலை வந்துகொண்டிருந்தது. இடது பக்கம் பாறைகள் கடலுக்குள் மூக்கு நீட்டியிருந்தன. அந்த முனையைச் சுற்றிக்கொண்டு அலைகள் வரிசை வரிசையாக வந்து, பாறை ஓரத்தில் உடைய ஆரம்பித்து, கரை நெடுக உடைந்துகொண்டே போயின. சத்தம் நெஞ்சுக்குள் இடித்தது.

பாறையை ஒட்டி ஒரே ஒரு இடத்தில் மட்டும் நுரை இல்லை, அலையும் உடையவில்லை. அகலமான வாய்க்கால் மாதிரி தண்ணீர் சமமாகக் கிடந்தது.

"அங்க எறங்கு," என்று சித்தப்பா அதைக் காட்டினார்.

மலையில் பிறந்த எவனும் அதைத்தான் காட்டுவான். எங்கள் ஆறுகளில் வெள்ளையாகப் பொங்குகிற இடம் ஆளை உருட்டும், சமமான இடத்தில்தான் குளிப்போம். அண்ணனும் தலையாட்டினான். நான் மட்டும், "கரையிலயே நின்னு ஊத்திடலாம், உள்ள போவ வேணாம்," என்று கத்தினேன்.

"இடுப்பளவு தண்ணியில நிக்கணும். மொறைன்னு ஒன்னு இருக்கு," என்றார் அவர்.

முறையையும் அவரே விளக்கினார். அண்ணன் கடலுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். கலயத்தைத் தோளுக்கு மேலே பின்பக்கமாக விட வேண்டும். மூன்று முழுக்கு. ஒவ்வொரு முழுக்குக்கும் சத்தமாகச் சிவசிவா. பிறகு திரும்பிப் பார்க்காமல் கரையேற வேண்டும். கரையில் இருக்கிற நாங்களும் கலயம் கையை விட்டதும் திரும்பிக்கொண்டு நடக்க வேண்டும்.

"யாரும் திரும்பிப் பாக்கக் கூடாது. பாத்தா போற உசுரு போவாம நம்ம பின்னாடியே வந்துரும்."

அண்ணன் வேட்டியோடு இறங்கினான். கலயம் அவன் கையை விட்டுப் போனதைப் பார்த்தேன். திரும்பி நடந்தோம். வேன்காரர் வேனுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். பின்னால், "சிவசிவா" என்று அண்ணன் குரல் ஒரு தடவை கேட்டது. இரண்டாவதுக்குக் காத்திருந்தேன். அலைச்சத்தம்தான் கேட்டது. இன்னும் கொஞ்சம் நடந்தோம். அலைச்சத்தம்தான்.

நான் திரும்பிப் பார்த்தேன்.

அவன் நின்ற இடத்தில் ஆள் இல்லை. கண்ணை இடுக்கித் தேடினேன். பாறை முனைப் பக்கம், நம்ப முடியாத தூரத்தில், மொட்டைத் தலை தெரிந்தது. அது கரைக்கு வரவில்லை, வெளியே போய்க்கொண்டிருந்தது.

"அண்ணன இழுக்குது! சித்தப்பா, அண்ணன இழுக்குது!"

அவர் திரும்பவில்லை. கடவுளே, அந்த மனிதர் திரும்பவே இல்லை! என் கையை எட்டிப் பிடித்து, "திரும்பாத, நட! அவன் வருவான், நட!" என்று என்னை முன்னால் இழுத்தார். உதறிப் பார்த்தேன், விடவில்லை. அவர் மணிக்கட்டைக் கடித்தேன். பல் பதியக் கடித்தேன். "ஐயோ" என்று விட்டார். ஓடினேன்.

கரையின் அந்தப் பக்கம் மர நிழலில் இரண்டு வெள்ளைக்காரப் பையன்கள் அலையில் சறுக்குகிற பலகைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை வரும்போதே பார்த்திருந்தேன். படித்த இங்கிலீஷ் எல்லாம் மறந்துபோய், கடலைக் கையால் காட்டி, "மை பிரதர், மை பிரதர்" என்று மட்டும் அலறினேன். ஒருவன் கடலைப் பார்த்தான். அடுத்த கணம் பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடி, அண்ணன் இறங்கிய அதே சமமான தண்ணீரில் குப்புற விழுந்தான். கையால் துழாவ வேண்டிய அவசியம்கூட அவனுக்கு இல்லை போலிருந்தது. தண்ணீரே அவனைக் கொண்டுபோனது.

கூட வந்தவன் என் பக்கத்தில் நின்று பொறுமையாகச் சொன்னான். உடைகிற அலையெல்லாம் கரைக்குக் கொண்டுவரும் தண்ணீர் இந்த வழியாகத்தான் வெளியே ஓடுகிறது, பலகையோடு உள்ளே போக நாங்கள் எப்போதும் இந்த வழியைத்தான் எடுப்போம் என்றான். ஏன் இந்த இடத்தில் இறங்கினார் என்று கேட்டான். அவனை அறையலாமா, அவன் காலில் விழலாமா என்று இருந்தது எனக்கு.

பலகையில் குறுக்கே போட்டு, நீண்ட தூரம் சுற்றி, அலை உடைந்து தேய்ந்த பக்கமாக அந்தப் பையன் அண்ணனைக் கொண்டுவந்தான். வேட்டி போய்விட்டது. குடித்த தண்ணீரையெல்லாம் மணலில் கக்கினான். கண் திறந்தான். நான் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.

சித்தப்பா அப்போதுதான் வந்து சேர்ந்தார். வந்தவர், அரைக்கால் சட்டையோடு ஈரம் சொட்ட நின்ற அந்தப் பையனுக்கு, பெரிய துரையைக் கண்ட மாதிரி கையைக் கூப்பி, "தேங்க்யூ தொரை, தேங்க்யூ தொரை" என்றார். அவன் போனதும் என் பக்கம் திரும்பினார்.

"திரும்பிப் பாத்துட்டியேடி, பாவி!"

வேனில் அண்ணன் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே என்னிடம் மட்டும் சொன்னான். முதல் முழுக்குப் போட்டு எழுந்தபோதே காலுக்கடியில் மணல் ஓடிவிட்டது, ரெண்டாவது முழுக்குப் போடவே இல்லை, தரை தட்டவே இல்லை என்றான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்காகச் சித்தப்பாவும் எங்களோடு மலைக்கு வந்தார். வந்தவர்களுக்கெல்லாம் கதை சொன்னார். முதல் நாள் கதையில் வெள்ளைக்காரன் இருந்தான். அடுத்த நாள் வெள்ளைக்காரன் பாதி, சித்தப்பா பாதி. அப்புறம் சித்தப்பாவே கழுத்தளவு தண்ணீரில் இறங்கிப் பயலை இழுத்துப் போட்டார். கதையில் மாறாதது ஒன்றுதான். நான் திரும்பிப் பார்த்தேன், அதற்குப் பிறகு கடல் அண்ணனை இழுத்தது. முன்னதைப் பின்னதாக்கிப் பின்னதை முன்னதாக்கிவிட்டார். மணிக்கட்டில் என் பல் தடத்தையும் காட்டுவார். "அண்ணன் மவனக் கூப்புட்டாரு. இவ பாத்த பார்வையில அவரால போவ முடியல." பெண்கள் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள்.

அண்ணன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இன்றைக்குச் சொல்வான், இப்போது சொல்வான் என்று நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன். காரியம் முடிந்த அன்று சித்தப்பா என்னை அப்பா படத்துக்கு முன்னால் நிறுத்தி, விழுந்து மன்னிப்புக் கேள் என்றார். மாட்டேன் என்றேன். சாபம் விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போனார். வந்தவர்களும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

அண்ணன் சாப்பிட உட்கார்ந்தான். அம்மா பரிமாறினாள். நான் அவன் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"நான் பாக்குறதுக்கு முன்னாடியே இழுத்துருச்சுன்னு வேன்ல நீதானே சொன்ன?"

"சொன்னேன்."

"அப்ப அவரு சொல்லச் சொல்ல ஏன்ணே சும்மா இருந்த?"

அவன் சோற்றைப் பிசைந்தான். "அப்பா காரியம் கெட்டுப் போச்சுல்ல. அத யாரு இல்லேங்க முடியும்?"

"அண்ணே, என்னப் பாத்துச் சொல்லு. நான் பாக்காம நடந்திருக்கணுமா?"

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். வாயில் இருந்த சோற்றை மென்று முடிக்கக்கூட இல்லை.

"நடந்திருக்கணும்," என்றான்.

அம்மா அவன் தட்டில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.