எதிர் டீமுக்கு ஒரு துஆ

எங்கள் ஊர் ஃபுட்பால் டீம் ஜெயிக்கும் என்று நம்பி நான் மாடி ஏறியது முதல் இரண்டு வருஷம்தான். அதற்குப் பிறகு ஏறியதெல்லாம் இந்தத் தடவை எத்தனை கோலில் தோற்கிறார்கள் என்று பார்ப்பதற்கு. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து இருபத்தேழு வருஷம் ஆகிறது. நான் பிறந்தது தஞ்சாவூர் டவுன். அங்கே எங்கள் தெருவில் கிரிக்கெட்டைத் தவிர வேறு ஆட்டம் கிடையாது. திருவாரூருக்கும் கீழ்வேளூருக்கும் நடுவில், நாலு பக்கமும் வயல் கிடக்கிற இந்த ஊரில் வாழ்க்கைப்பட்ட பிறகுதான், ஒரு பந்துக்குப் பின்னால் இருபத்திரண்டு பேர் ஓடினால் எனக்கும் ரத்தம் கொதிக்கும் என்று தெரிந்துகொண்டேன்.

டோர்னமென்ட் மே மாதத்தில் நடக்கும். வயலெல்லாம் வெடித்துக் கிடக்கும், வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இருக்காது. துபாய், சவூதியிலிருந்து லீவில் வந்தவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் டீக்கடையில் உட்கார்ந்திருப்பார்கள். சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் ஆட்டம் ஆரம்பித்து, பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்வதற்கு முன்னால் முடிந்துவிடும். ஆண்கள் மைதானத்தைச் சுற்றி நிற்பார்கள். பெண்கள் சுற்றியுள்ள வீடுகளின் மொட்டை மாடியில் நிற்போம். நிற்கலாம், பார்க்கலாம், சத்தம் மட்டும் போடக் கூடாது. இது எங்கும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. ஆனாலும் எல்லாருக்கும் தெரியும்.

என்னைப் போன்ற வாய்க்காரிக்கு இது பெரிய தண்டனை. திறந்த கோலுக்கு நேராக நின்றுகொண்டு பந்தை வானத்துக்கு அடிப்பவனைப் பார்த்துவிட்டு எப்படிச் சும்மா இருப்பது? துப்பட்டாவைச் சுருட்டி வாயில் வைத்துக் கடிப்பேன். அதுவும் போதாமல் பக்கத்தில் நிற்கும் நாத்தனாரின் கையைக் கிள்ளுவேன். பக்கத்து வீட்டிலேயே கட்டிக்கொடுத்ததால் அவளுக்கு எங்கள் மாடிதான் காலரி. "மச்சி, என் கை என்ன கைப்பிடிச் செவரா? கொஞ்சம் விடுங்க" என்பாள். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் மச்சி என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு அரை இறுதியில் என்னால் வாயை அடக்க முடியவில்லை. எங்கள் கோல்கீப்பர் எதிர்த்த வீட்டுப் பையன்தான். பந்து நேராக அவன் கைக்கு வந்தது, பச்சைப் பிள்ளைகூடப் பிடித்திருக்கும். அவன் கையிலிருந்து வழுக்கி, காலுக்கு நடுவில் உருண்டு உள்ளே போயிற்று. மைதானமே பேச்சு மூச்சில்லாமல் நின்ற அந்த ஒரு நொடியில் நான் கத்திவிட்டேன்.

"கையில என்னடா, மருதாணியா வச்சிருக்க?"

முதலில் யாரோ ஒருவர் சிரித்தார். அப்புறம் மைதானம் முழுக்கச் சிரித்தது. எதிர் டீம் ஆட்களும் சிரித்தார்கள். அன்று சாயங்காலமே அவனுக்கு மருதாணி என்று பெயர் வந்துவிட்டது. அவன் அதற்குப் பிறகு மைதானத்தில் கால் வைக்கவில்லை. நாலாவது மாதம் குவைத்துக்குப் போனான். பெருநாளுக்குக்கூட ஊருக்கு வருவதில்லை. அவன் அம்மா என்னோடு பேச்சை நிறுத்தினாள். நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். விளையாட்டில் சொன்னதற்கு என்ன மன்னிப்பு என்று வீம்பாக இருந்துவிட்டேன். குவைத் காசில் அந்த வீடு இரண்டு மாடி உயர்ந்தது. உயர்ந்ததில் மைதானத்தின் தெற்குப் பக்கம் எங்களுக்கு மறைந்துபோனது. இன்று எங்கள் மாடியிலிருந்து வடக்குக் கோல் மட்டும்தான் தெரியும்.

அந்த ஆட்டத்துக்குப் பிறகு டீம் கமிட்டி கூடி ஒரு முடிவு எடுத்தது. மற்ற பத்துப் பேரும் உள்ளூராக இருக்கலாம், கோல்கீப்பர் மட்டும் வெளியூரிலிருந்துதான் வர வேண்டும். பத்துப் பேர் செய்கிற தப்பை ஊர் மறந்துவிடும், கோல் விட்டவனை மறக்காது. உள்ளூர்ப் பையன் விட்டால் வீட்டுக்கு வீடு பேச்சு நிற்கும், பெண் கொடுத்த இடமும் எடுத்த இடமும் கசந்துபோகும். வெளியூர்க்காரன் விட்டால் ஆசை தீரத் திட்டிக்கொள்ளலாம். ஆட்டம் முடிந்ததும் அவன் பஸ் ஏறிப் போய்விடுவான். நல்ல முடிவு என்று நானே சொன்னேன்.

அப்போது என் மகனுக்குப் பதினைந்து வயது. பள்ளிக்கூட டீமில் அவன்தான் கோல்கீப்பர். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை இதுதான்.

எட்டு வருஷம் அவன் அந்த மைதானத்தில் காலையும் மாலையும் விழுந்து எழுந்தான். எங்கள் ஊர் களிமண் கோடையில் காய்ந்தால் கல். அவன் முழங்கையில் காயம் ஆறி நான் பார்த்ததில்லை. பழகும் ஆட்டங்களுக்கெல்லாம் அவன்தான் கீப்பர். டோர்னமென்ட் வந்தால் காரைக்காலிலிருந்தோ கேரளாவிலிருந்தோ ஒருவர் பையோடு வந்து இறங்குவார். இவன் ஊர் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்காருவான். ஒரு தடவைகூட என்னிடம் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

போன வருஷம் அவனுக்கு கத்தார் விசா வந்தது. ஒரு குடோனில் வேலை. செவ்வாய்க்கிழமை திருச்சியிலிருந்து ஃப்ளைட். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எங்கள் டீமுக்கு கால் இறுதி. போனால் திரும்பி வர இரண்டு வருஷம் ஆகும். அதற்குள் யார் யாரோ வந்துவிடுவார்கள். ஊர் ஜெர்சியில், ஊர் ஜனத்துக்கு முன்னால், ஒரே ஒரு நிஜ ஆட்டத்தில் அவன் கோலில் நிற்க வேண்டும் என்றால் அன்று ஒரு நாள்தான் இருந்தது. அவன் அத்தா, என் வீட்டுக்காரர், கமிட்டிக்காரர்களிடம் சொல்லிப் பார்த்தார். "பாப்போம் பாய்" என்றார்களாம். பாப்போம் என்றால் இல்லை என்று எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

எதிர் டீம் தரங்கம்பாடிப் பக்கம். மணலில் ஓடிப் பழகின கால்கள், எங்கள் தரையில் பறந்தன. முதல் பாதியில் எங்கள் டீம் வடக்குக் கோலைக் காத்தது. அந்த வருஷத்து வெளியூர்க் கீப்பர் என் கண்ணுக்கு நேராக நின்றான். கோட்டுக்கு வெளியே பெஞ்சில் என் மகன், இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

முதல் பத்து நிமிஷம் நான் எப்போதும் போலத்தான் இருந்தேன். துப்பட்டாவைக் கடித்தேன், நாத்தனாரைக் கிள்ளினேன். அதற்குப் பிறகு அந்தக் கீப்பர் ஒரு பந்தைப் பாய்ந்து பிடித்தான். நல்ல பிடி. கீழே எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்றைத் தட்டிவிட்டான். நாசமாப் போறவனே என்று முனகினேன். யாரைச் சொன்னேன் என்று எனக்கே அப்போதுதான் உறைத்தது. எங்கள் டீமுக்கு ஒரு கோல் விழாதா என்று நான் ஏங்கிக்கொண்டிருந்தேன். இருபத்தாறு வருஷமாகத் தோற்கிற டீம், ஒவ்வொரு தடவையும் இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்திருக்கிறேன், அந்த டீம் தோற்க வேண்டும் என்று கேட்கிறேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் கேட்டேன். கையை ஏந்தவில்லை, நாத்தனார் பார்ப்பாள். மனசுக்குள் துஆ செய்தேன். யா அல்லாஹ், ஒரே ஒரு கோல், இவன் கையிலிருந்து நழுவட்டும்.

நழுவியது. கார்னரிலிருந்து வந்த பந்தைப் பிடித்தான், பிடித்ததைக் கீழே விட்டான், அவர்களில் ஒருவன் தட்டி உள்ளே போட்டான். கீழே ஊரே அவனுடைய ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டியது. நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன மச்சி, சிரிக்கிறீங்க?"

நான் சிரித்தது எனக்குத் தெரியாது. தூசி விழுந்துவிட்டது என்று கண்ணைக் கசக்கினேன். ஐந்து நிமிஷத்தில் இரண்டாவது கோலும் விழுந்தது. இந்தத் தடவை கீப்பர் மேல் தண்ணீர் பாட்டில்கள் பறந்தன. இடைவேளைக்கு விசில் ஊதியதும் டீம் மேனேஜர் பெஞ்சுக்குப் போனார். என் மகனின் தோளில் கை வைத்து ஏதோ சொன்னார். அவன் எழுந்து கையுறையை மாட்டினான்.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "எறங்குறான் புள்ள, எறங்குறான்" என்று நாத்தனாரை உலுக்கினேன். விசில் ஊதியது. இரண்டு டீமும் இடம் மாறின. என் மகன் குனிந்த தலையோடு ஓடித் தெற்குக் கோலுக்குப் போனான். எதிர்த்த வீட்டு மூன்றாவது மாடிக்குப் பின்னால் மறைந்தான்.

இடம் மாறும் என்பது எனக்குத் தெரியாதா? இருபத்தாறு வருஷமாகப் பார்க்கிறவள். அந்த நேரத்தில் மட்டும் எப்படியோ மறந்திருந்தேன்.

செருப்பைக்கூடப் போடாமல் கீழே இறங்கித் தெருவுக்கு ஓடினேன். எதிர்த்த வீட்டு மாடிக்குப் போனால் தெற்குக் கோல் உள்ளங்கை போலத் தெரியும். அவர்கள் வீட்டுப் பெண்களெல்லாம் மேலேதான் நின்றார்கள். கேட்டைத் திறந்தேன். காலிங்பெல் வரைக்கும் கை போனது. அந்த அம்மா வந்து கதவைத் திறந்தால் என்ன சொல்வேன்? என் பையன் கோலில் நிற்கிறான், பார்க்க இடம் கொடுங்கள் என்றா? எட்டு வருஷத்துக்கு முன்னால் அவள் பையனும் கோலில்தான் நின்றான்.

அங்கேயே நின்றேன். மாடியிலேயே இருந்திருந்தால் பாதி மைதானமாவது தெரிந்திருக்கும். இப்போது ஒன்றும் தெரியவில்லை, காதுதான் மிச்சம். மைக்கில் பேசுகிறவர் பாதி நேரம் ஆட்டத்தைச் சொல்வதை விட்டுவிட்டு, ஆம்புலன்ஸ் வழியில் நிற்கும் வண்டிகளை எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு ஓவென்ற சத்தம் எழுந்து அடங்கியது. பிடித்தானா, விட்டானா? மறுபடி சத்தம். மைக்கில் மூன்றுக்குப் பூஜ்யம் என்றார்கள். எங்கள் ஆட்கள் ஒன்று போட்டார்கள் போல, வெடி வெடித்தது. அதுவும் வடக்குக் கோல், என் மாடியிலிருந்து தெரிந்திருக்கும். அப்புறம் நாலு. அப்புறம் ஐந்து. ஐந்தாவதுக்குப் பிறகு மைதானம் கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் ஒரு ஆண் குரல் கத்தியது.

"டேய், கையில என்னடா, மருதாணியா வச்சிருக்க?"

ஒரு எழுத்து மாறவில்லை. மைதானம் சிரித்தது. எனக்கு மேலே மூன்றாவது மாடியில் சிரித்தார்களா இல்லையா என்று தெரியாது. நிமிர்ந்து பார்க்கும் தைரியம் எனக்கு வரவில்லை. கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்ற வைத்தேன்.

மஃரிப் தொழுதுவிட்டு அவன் வந்தான். முழங்கையில் புதுக் காயம். தட்டை வைத்தேன், சாப்பிட்டான். அவன் அத்தா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

"நல்லாத்தான்டா புடிச்ச" என்றேன்.

"நம்ம மாடியிலேருந்து அந்தக் கோலு தெரியாதும்மா" என்றான். கோபமில்லை. ஒரு விவரம் போலச் சொன்னான்.

தட்டை எடுக்கும்போது, "மேனேஜர் என்னடா சொன்னாரு?" என்று கேட்டேன்.

"நீயும் செவ்வாக்கெழம போற ஆளுதானே, எறங்குன்னாரு."

செவ்வாய்க்கிழமை போனான். ஏர்போர்ட்டில் அழக் கூடாது என்று நினைத்துக்கொண்டு போனேன், அழுதேன். அவனைப் பற்றி ஊரில் ஒரு வாரம் பேசினார்கள். ஆள் இல்லாததால் பேச்சு அப்படியே அடங்கிவிட்டது. கமிட்டி கணக்குப் போட்டது சரிதான்.

இந்த வருஷம் டோர்னமென்ட் ஆரம்பித்த வெள்ளிக்கிழமை போன் பேசினான். குடோனில் ஏசி கிடையாதாம், வெயில் ஏறிவிட்டதாம். விளையாடுகிறாயா என்று கேட்டேன். நேரமில்லை என்றான். பிறகு, "இந்த வருஷம் கீப்பர் யாரும்மா?" என்றான்.

"காரைக்கால் ஆளாம்."

அவன் ம் என்றான். ஒரு வருஷமாக நெஞ்சில் கிடந்தது அப்போது வாய்க்கு வந்துவிட்டது. சொல்லாமல் செத்துப்போவேனோ என்று பயமாக இருந்தது. அன்றைக்கு அந்தக் கீப்பர் பந்தை விட வேண்டும் என்று நான்தான் துஆ கேட்டேன், அதனால்தான் நீ அங்கே போய் நின்று அவ்வளவு பேச்சு வாங்கினாய் என்று அழுதுகொண்டே சொன்னேன். "சத்தியமா ஒரு கோல்தான்டா கேட்டேன்" என்றேன்.

அந்தப் பக்கம் லாரி பின்னால் வரும் சத்தம் கேட்டது.

"அப்ப ரெண்டாவது நான் கேட்டதும்மா" என்றான்.

சிரிப்பான் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை.