மெஷினின் முதுகுச் சூடு

தேயிலை மலையிலிருந்து மதியச் சோற்றுக்கு வரும்போது, பூட்ஸைக் கழற்றுவதற்கு முன்பே நான் மெஷினின் முதுகைத் தொட்டுப் பார்ப்பேன். வெகு நேரமாக ஓடியிருந்தால் வெதுவெதுப்பாக இருக்கும். அணைத்துக் கிடந்திருந்தால் இந்த ஊர்க் குளிருக்குத் தகரம் மாதிரி ஜில்லென்றிருக்கும். என் வீட்டுக்காரருக்கு மூச்சு வாங்கும் வியாதி. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து மூக்குக் குழாயில் அனுப்புகிற அந்த மெஷினை ஈப்போவில் இருக்கும் மகள் வாங்கி அனுப்பினாள். இரவு முழுக்கவும், பகலில் முக்கால்வாசி நேரமும் குழாயை எடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

அன்று நான் உள்ளே வந்தபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. குழாயும் மூக்கில் இருந்தது. ஆனால் முதுகு ஜில்லென்றிருந்தது. என் பூட்ஸ் சத்தம் கேட்டுத்தான் போட்டிருக்கிறார்.

“எவ்ளோ நேரமா அணைச்சு வச்சிருந்தீங்க?”

“இப்பதான் லா.”

“இப்பதான் போட்டீங்க. எப்ப அணைச்சீங்கன்னு கேக்குறேன்.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். உதட்டில் லேசாக நீலம் தெரிந்தது.

“ஜிமாட் பண்றேன் புள்ள, மிச்சம் புடிக்கிறேன். நீ மலையில வெட்டுற கொழுந்தெல்லாம் இந்தப் பொட்டிதான் குடிக்குது. சும்மா உக்காந்திருக்கிறவனுக்கு எவ்ளோ காத்து வேணும்?”

அவர் சொன்னதில் ஒரு நியாயமும் இருந்தது, அதுதான் என் பயம். மெஷின் வந்த மாதத்திலிருந்துதான் கரண்டு பில் ஏற ஆரம்பித்தது. குளிக்கிற ஹீட்டரை நிறுத்திவிட்டு விறகில் தண்ணீர் காய்ச்சினேன். டிவியைக் குறைத்தேன். சோற்றுப் பானையைச் சூட்டில் விடாமல் வயரைப் பிடுங்கினேன். பில் அசையவே இல்லை. அவர் கணக்கில் மிச்சமிருந்தது மெஷின் ஒன்றுதான். மலையில் நிற்கும்போதும், திரும்பி வருவதற்குள் என்ன ஆகுமோ என்று கொழுந்து வெட்டும் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டுப் போனையே பார்ப்பேன். போன் அடித்தால் எடுக்கவும் பயம், அடிக்காவிட்டாலும் பயம்.

ஞாயிற்றுக்கிழமை பிரிஞ்சாங் டவுனுக்குப் போனேன். அங்கே மின்சாமான் கடை வைத்திருக்கும் பாயிடம், எந்தச் சாமான் எவ்வளவு கரண்டு தின்கிறது என்று தனித்தனியாகப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். அவர் மேசைக்கு அடியிலிருந்து உள்ளங்கை அளவு பெட்டி ஒன்றை எடுத்தார்.

“இத சுவர்ல சொருகு, இதுமேல சாமானச் சொருகு. ஒரு நாளு விட்டுப் பாரு. எத்தன யூனிட்டுன்னு இதுவே சொல்லும்.”

“என்னா வெல பாய்?”

“விக்கிறதுக்கு இல்ல தங்கச்சி, என்னோடது. அளந்துட்டுக் கொண்டாந்து குடு. ரோசாக் ஆக்கிடாத, கெட்டுப்போச்சுன்னா வேற இல்ல.”

கிளம்பும்போது வீட்டுக்காரர் சொல்லி அனுப்பியது ஞாபகம் வந்து, ஒரு சூடு பல்பும் வாங்கிக்கொண்டேன். இப்போது எல்லா ஊரிலும் குளிர்ந்த வெள்ளை விளக்குதான். தொட்டால் சுடுகிற பழைய பல்பை பாய் எங்களுக்காகவே வாங்கி வைத்திருக்கிறார். பெட்டியும் பல்பும் ஒரே பையில் ஆடியபடி பஸ்ஸில் வந்தன.

அளக்க ஆரம்பித்தேன். முதலில் பிரிட்ஜ். இந்தக் குளிரில் அதற்கு என்ன வேலை, கொஞ்சமாகத்தான் தின்றது. டிவி, சோற்றுப் பானை, துணி துவைக்கும் மெஷின் எல்லாம் ஒவ்வொரு நாளாகப் பார்த்தேன். காற்று மெஷினை மட்டும் தள்ளிக்கொண்டே போனேன். அவர் கவனித்துவிட்டார்.

“எல்லாத்தயும் அளக்குற. இந்த மாப்பிள்ளைப் பொட்டிய மட்டும் ஏன் வுட்டுட்ட?”

கடைசியில் மாட்டினேன். ராத்திரியெல்லாம் தூங்காமல், சாமி கும்பிட்டுக்கொண்டே கிடந்தேன். மறுநாள் பார்த்தால், மற்ற சாமான் எல்லாவற்றையும் சேர்த்தாலும் அதற்குப் பக்கத்தில் வரவில்லை. நான் பெட்டியைக் கையால் மறைப்பதற்குள் அவர் எட்டிப் பார்த்துவிட்டார்.

“பாத்தியா. அளந்தாச்சுல்ல.”

சொல்லிவிட்டு என் கண் முன்னாலேயே சுவிட்சை அணைத்தார். அதுவரை ஒளித்துச் செய்தவர் இப்போது உரிமையோடு செய்தார். அளந்திருக்கவே கூடாதோ என்று எனக்குத் தோன்றியது. அவர் பக்கத்துக்கு நானே கொண்டு வந்து கொடுத்த சாட்சி ஆகிவிட்டதே அந்தப் பெட்டி.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். கணக்கு என்றால் சந்தேகம்தான். அதனால் போனில் கூட்டியதையே நாலைந்து தடவை கூட்டினேன். மெஷினையும் சேர்த்து, வீட்டில் உள்ள எல்லாமே ஒரு மாதத்துக்கு இவ்வளவு என்று போட்டால், பில்லில் இருக்கிற யூனிட்டில் பாதிதான் வந்தது. திரும்பக் கூட்டினேன். பாதிதான். மிச்சப் பாதி எங்கே போகிறது? கரண்டு கசிந்து ஈரச் சுவரில் இறங்குகிறதோ, தொட்டால் அடித்துவிடுமோ என்று அன்றிலிருந்து சுவரைத் தொடாமல் நடந்தேன்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னேன். அவர் நேராக வாசலுக்கு வந்து, சுவரில் இருக்கும் வீட்டு மீட்டரின் முன்னால் நின்றார்.

“உள்ள எல்லாத்தயும் அணை. இந்தச் செவப்புப் பொட்டு மின்னாம நிக்குதான்னு நான் பாக்குறேன்.”

ஒவ்வொன்றாக அணைத்தேன். மெஷினையும் நிறுத்த வேண்டியிருந்தது. வீட்டுக்காரர் குழாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சீக்கிரம் ஆகட்டும் என்று எனக்குப் பதைப்பு.

“நின்னுடுச்சா அக்கா?”

“எங்க நிக்குது, மின்னுது லா. உங்க வீட்டுல பேயும் கரண்டுதான் திங்குது போல.”

“பேய் இல்ல,” உள்ளேயிருந்து வீட்டுக்காரர் குரல் மூச்சு வாங்க வந்தது. “உங்க வீட்டு வயரப் போயிப் பாரு. எங்கள்ட்டருந்து இழுத்திருப்பீங்க.”

“ஆமாண்ணே, நீங்கதான வந்து போட்டுக் குடுத்தீங்க, கேப்பீங்க.”

வீட்டுக்காரர் தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். எங்கள் வரிசையில் அவர் கை படாத வயர் கிடையாது. அக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூடுபனி இறங்கித் தூறல் விழுந்தது. இன்னொரு தரம் நானே மீட்டரைப் பார்க்கலாம் என்று ஸ்வெட்டர் எடுக்க அறைக்குள் போய் அலமாரியைத் திறந்தேன்.

முகத்தில் மஞ்சள் வெளிச்சம் அடித்தது.

எங்கள் ஊரில் துணியை மடித்து மூடி வைத்தால் சில நாளிலேயே பூஞ்சணம் பிடித்துவிடும். அதனால் எங்கள் லயத்து வரிசையில் எல்லா வீட்டு அலமாரியிலும் ஒரு சூடு பல்பு இரவும் பகலும் எரியும். எங்கள் வீட்டில் அதற்குச் சுவிட்ச் கிடையாது. யாராவது மறந்து அணைத்துவிடக் கூடாது என்று அவர் நேராக வயர் இழுத்திருந்தார். அலமாரிக்குப் பலகை எப்படியோ, பல்பும் அப்படி. அதை மின்சாமான் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. கதவு மூடியிருப்பதால் எரிவதும் கண்ணில் படாது.

கட்டிலுக்கு அடியில் குனிந்தேன். போர்வைப் பெட்டியில் ஒன்று எரிந்தது. கட்டிலின் தலைமாட்டில், சுவருக்கும் பலகைக்கும் நடுவில் இன்னொன்று. பூஞ்சணம் நெஞ்சுக்கு ஆகாது என்று கிளினிக்கில் நர்ஸ் சொன்னதிலிருந்து அவர் சேர்த்தவை இந்த இரண்டும். மெஷின் வந்த அதே மாதம்தான் அது. வேலைக்குப் போக முடியாத கை சும்மா இருக்குமா.

முதலில் மெஷினைப் போட்டுக் குழாயை அவர் மூக்கில் மாட்டினேன். பிறகு அக்காவைக் கூப்பிட்டேன். அக்கா எட்டிப் பார்த்தார்.

“அடக் கடவுளே, எங்க வீட்டுலயும் ரெண்டு எரியுது,” என்று ஓடினார்.

“பல்புதான புள்ள. அது என்னா தின்னுடப் போவுது,” என்றார் வீட்டுக்காரர். குரலில் பலம் இல்லை.

“அளந்துருவோம்.”

அவரே வயரை வெட்டி, பல்பு மூன்றையும் ஒரே பிளக்கில் சேர்த்துக் கொடுத்தார். ஒரு நாள் பாய் பெட்டியில் ஓடவிட்டோம். மூன்றும் சேர்ந்து மெஷினைவிட அதிகம் தின்றிருந்தன. அவர் குனிந்து அந்த எண்ணை இரண்டு தடவை படித்தார். அப்புறம், குளிருக்குப் போர்வையை இழுத்துவிட்டுக்கொள்வதுபோல, மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டார்.

இப்போது அலமாரியில் மட்டும் ஒரு பல்பு இருக்கிறது, சுவிட்சோடு. காலையில் கொஞ்ச நேரம் எரியும். மற்ற இடத்தில் ஈரத்தை இழுக்க அடுப்புக்கரியைத் துணியில் கட்டி வைத்திருக்கிறேன். வெயில் எட்டிப் பார்க்கிற நாளில் போர்வையெல்லாம் கொடிக்குப் போகும். பாயின் பெட்டியைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாயிற்று. அடுத்த பில் வந்தபோது பிரிக்கச் சொல்லி அக்காவிடம்தான் நீட்டினேன். இறங்கியிருந்தது. ஆனாலும் ஒவ்வொரு சட்டையையும் மோந்து பார்த்துத்தான் அவருக்குக் கொடுக்கிறேன். பூஞ்சணம் வந்துவிடுமோ என்று இது ஒரு புதுக் கவலை.

நேற்று மதியம் பூட்ஸோடு வந்து மெஷினுக்குக் கை நீட்டினேன். கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

“சூடாத்தான் இருக்கு. போயி சோத்தப் போடு.”

இருந்தாலும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனேன்.