ஸ்வெட்டருக்கு அடியில்

நாயின் தோலைப் பற்றி இன்று யார் கேட்டாலும் தயங்காமல் சொல்வேன். வேறு எதைக் கேட்டாலும் தலையைக் குனிந்துகொள்வேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். மலைமேல் இருக்கும் வட்டக்கானலில் ஒரு தங்கும் விடுதியைப் பார்த்துக்கொள்கிறேன்.

அங்கே ஒரு செவலை நாய் உண்டு. தங்க வந்த பெண் ஒருவர் ஊருக்குப் போகும்போது தன் பிள்ளையின் பழைய ஸ்வெட்டரை அதற்கு மாட்டிவிட்டுப் போனார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பனிமூட்டத்தில் குளிருமே என்று நானும் கழற்றவில்லை. ஒரு மாதத்தில் நாய் சுவரோடு சுவராக உரச ஆரம்பித்தது. பக்கத்தில் போனால் புளித்த வாடை. கழற்றிப் பார்த்தேன். வயிறெல்லாம் சீழ்க் கொப்புளம். விலாவில் வட்டம் வட்டமாக முடி உதிர்ந்து, ஓரத்தில் மஞ்சள் பொருக்கு.

“சொறி நாய வச்சுக்கிட்டு யாருக்கு ரூம் குடுக்க? சீசனுக்குள்ள சரியாகலேன்னா காய்கறி லாரியில ஏத்திக் கீழ அனுப்பிரு” என்றார் முதலாளி.

எங்கள் ஊரில் சளிக்கும் தலைவலிக்கும் முழங்கால் வலிக்கும் யூகலிப்டஸ் தைலம்தான். அதையே தேய்த்தேன். நாய் அலறிக்கொண்டு ஓடியது, நக்கியது, வாந்தி எடுத்தது. பயந்துபோய் அதைத் தூக்கிக்கொண்டு டவுன் கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஜீப் ஏறினேன்.

“மனுசங்ககிட்டயே வாயத் தொறக்க மாட்ட. நாய் டாக்டரம்மாகிட்ட என்னத்தச் சொல்லப் போற?” என்றார் விடுதியில் சமையல் செய்யும் அக்கா. என்னைவிட மூத்தவர்.

“காட்டப் போறது நாய்தானக்கா.”

அங்கே ‘சொறி’ என்று மட்டும்தான் என் வாயில் வந்தது. டாக்டரம்மா முதலில் தைலத்தைக் கழுவச் செய்தார். பிறகு பிளேடால் தோலை லேசாகச் சுரண்டி, கண்ணாடியில் தடவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்.

“சொறின்னு யாருண்ணே சொன்னா? பூச்சி ஒண்ணும் இல்ல. ஈரத்துல வந்த கிருமி. ஒடம்பு எப்பவும் ஈரமாவா இருக்கும்?”

பையிலிருந்து, கழற்றியும் காயாத ஸ்வெட்டரை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் விரலால் அழுத்த, தண்ணீர் கசிந்தது.

“மொதல்ல இதத் தூரப் போடுங்க. தைலத்த நீங்க தேச்சுக்கங்க, அதுக்கு வேண்டாம்.”

வாரம் இரண்டு முறை மருந்து ஷாம்பு. நுரை பத்து நிமிடம் தோலில் ஊற வேண்டும். அதுவரை நாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நானும் நனைந்தேன். அலசிய பிறகு முடியின் வேர்வரை துடைத்து, அடுப்பங்கரையில் காயவைத்தேன். மாத்திரை இருபத்தொரு நாள். இரண்டே வாரத்தில் சொறிவது நின்று, பூனை முடி போல் புது முடி முளைத்தது.

“ஆறிப்போச்சுல்ல, மாத்திரைய நிறுத்து” என்றார் முதலாளி.

“இல்லங்க. மேலதான் ஆறியிருக்கு. இன்னும் ஏழு நாளு கெடக்கு. இப்ப நிறுத்துனா திரும்பி வந்துரும்.”

நாயே பேசிவிட்டது போல என்னைப் பார்த்தார். அத்தனை வருடத்தில் நான் அவரிடம் ‘இல்லை’ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. மாத்திரையை நிறுத்தவில்லை.

சீசன் தொடங்கிய அன்று முதலாளி நாயைப் புரட்டி, வயிற்றைத் தடவி, விரலை மோந்து பார்த்தார். “கெடக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே, தங்க வந்தவர் ஒருவர் கையில் கம்பளித் துண்டோடு நாயிடம் குனிந்தார். “பாவங்க, குளிருமே.”

“அதுக்கு அதோட முடியே போதுங்க. துணி போத்துனா ஈரம் தங்கிப் புண்ணு வந்துரும்” என்றேன்.

பின்னால் அக்காவின் சிரிப்பு கேட்டது. “ஏலே, வாய் வந்துருச்சே ஒனக்கு!”