நேரமில்லை சாரின் ஓட்டம்

அலுவலகத்தில் அவருக்கு ‘நேரமில்லை சார்’ என்று பெயர். மேஜை நாற்காலி செய்யும் கம்பெனியில் கொள்முதல் அதிகாரி. எதைக் கேட்டாலும் “நேரமில்லப்பா” என்பார், கேட்காவிட்டாலும் சொல்வார். அப்படி என்னதான் வெட்டி முறித்தார் என்றால், காலையில் ஒரு கூட்டம், அந்தக் கூட்டத்தில் என்ன பேசினோம் என்று பேச மத்தியானம் ஒரு கூட்டம், நடுவில் டீ. இதற்குத்தான் அந்தப் பெரிய மனுஷனுக்கு நாள் போதவில்லை.

இப்படிப்பட்டவர் ஓட்டக்காரர் ஆனதற்கு ஒரு வாட்ச் காரணம். அலுவலகத்தில் நாலு பேர் கட்டியிருந்தார்கள், இவரும் வாங்கிக் கட்டினார். முந்தின நாள் எப்படி ஓடினோம், எப்படித் தூங்கினோம், நெஞ்சு எப்படி அடித்தது என்று பார்த்து, ‘இன்று மெதுவாக ஓடு’, ‘இன்று வேகமாக ஓடு’, ‘இன்று ஓய்வு’ என்று தினமும் அதுவாகவே பாடம் சொல்லும். சொன்னபடி செய்தால் அலுவலகக் குழுவில் எல்லார் போனிலும் அவர் பெயருக்கு எதிரே பச்சை வட்டம் விழும். செய்யாவிட்டால் சாம்பல் வட்டம். அந்தச் சாம்பலைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

முதலில் ஐயா மெய்யாகவே முயன்றார், அதையும் சொல்லிவிட வேண்டும். போன் கூட்டத்தைக் காதில் மாட்டிக்கொண்டு மாடிப்படியில் ஓடினார். அவருக்கு இரைத்த இரைப்பில் மறுமுனையில் இருந்தவர்கள் பயந்துபோனார்கள். பல் தேய்த்துக்கொண்டே குளியலறைக்கும் சமையலறைக்குமாக ஓடினார், வீடெல்லாம் நுரை. கார் நிறுத்துமிடத்தில் ஓடினார். எதையோ திருடிக்கொண்டு ஓடுகிறார் என்று காவலாளி துரத்தினான். வாட்ச் பாடத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் ‘இன்று நடந்தால் போதும்’ என்றது.

“சார், உங்க வாட்ச் உங்கள நோயாளின்னே முடிவு பண்ணிருச்சு போல” என்றாள் கணக்குப் பிரிவு அம்மாள், எல்லார் எதிரிலும். அவருக்கு மூஞ்சி செத்துப்போயிற்று.

அன்று வீட்டுக்கு வந்ததும் மச்சினனைக் கூப்பிட்டார். மனைவியின் தம்பி, இவர்கள் வீட்டுப் பின்னறையில் இருப்பவன். மளிகைப் பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு அடுக்குமாடி அடுக்குமாடியாக ஏறி இறங்குவது அவன் வேலை. முதல் சுற்றுக்கு விடியும் முன்பே கிளம்பிவிடுவான்.

“மச்சான், எப்படியும் காலைல ஓடத்தான போற. இதக் கட்டிக்கிட்டு ஓடேன். அது வேகமான்னா வேகமா, மெதுவான்னா மெதுவா. அவ்வளவுதான்.”

“மூட்டையோடயா மாமா?”

“அது மூட்டையெல்லாம் பாக்காதுப்பா.”

அக்கா வீட்டில் சாப்பிட்டு அக்கா வீட்டில் படுக்கிறவன் என்ன சொல்வான்? கட்டிக்கொண்டான். முதல் சுற்று முடிந்ததும் வாசலில் வந்து கழற்றிக் கொடுத்துவிட்டுப் போவான். இவர் துடைத்துக் கட்டிக்கொண்டு அலுவலகம் போவார்.

படியேறியவனின் நெஞ்சும், சுழல் நாற்காலியில் சாய்ந்தே கிடந்தவரின் ஓய்வும் ஒரே ஆளுடையவை என்று வாட்ச் நம்பியது. ‘அபாரம்’ என்றது. பாடத்தைக் கூட்டியது. இவன் ஓட, அவர் ஓய்வெடுக்க, அது இன்னும் கூட்டியது. பச்சை வட்டம் தினமும் விழுந்தது. கேன்டீனில் இளவட்டங்களைக் கூட்டி வைத்துக்கொண்டு எப்படி மூச்சு விடுவது, எப்படிக் காலூன்றுவது என்று வாய் கிழியப் பேசினார். பாடம் கடுமையாக இருந்த நாட்களில் சாயங்காலம் தன் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டார். வேஷம் என்று நினைக்காதீர்கள், நிஜமாகவே வலித்ததாம். பொய் சொல்கிறவனை மன்னிக்கலாம், அந்தப் பொய்க்குத் தைலம் தேய்க்கிறவனை என்ன செய்வது?

“என்னங்க, தம்பி இளைச்சிட்டே போறான். சாப்பிடும்போதே கண்ணு சொருகுது. இந்தக் கூத்தை விடுங்க” என்றாள் மனைவி.

“உடம்பு இறுகுது, அதான். என்னையே பாரேன், முன்ன விட எவ்வளவு தெம்பா இருக்கேன்.”

ஒரு நாள் காலை, வாசலில் வாங்கிய வாட்சில் சிவப்பாக ஒரு வரி: ‘இதயத் துடிப்பு சீராக இல்லை. மருத்துவரைப் பாருங்கள்.’ அவருக்குக் குப்பென்று வியர்த்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சரிந்தார். அது யார் நெஞ்சு என்று ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. தான்தான் ஓடுகிறோம் என்று அவ்வளவு ஊறிப்போயிருந்தது மனுஷனுக்கு. வாட்சைக் கொடுத்த மச்சினன் அடுத்த சுற்றுக்குப் போய்விட்டான். சாருக்கு அன்று நேரம் இருந்தது. லீவு போட்டு, மனைவியை இழுத்துக்கொண்டு இதய மருத்துவரிடம் ஓடினார். வாட்சை மச்சினன் கையில் கட்டிய பிறகு அவர் உண்மையாக ஓடியது அன்றுதான்.

டாக்டர் நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் பார்த்தார், நடக்க வைத்துப் பார்த்தார். பிறகு வாட்சைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

“உங்களுக்கு ஒண்ணும் இல்ல. ஆனா இதுல இருக்கிறது சாதாரணமில்ல. ஓட ஓடத் துடிப்பு தாறுமாறாப் போயிருக்கு. ரெண்டும் ஒரே ஆளோடதுன்னா எனக்கே புரியல. காலைல ஓடினது நீங்கதான?”

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முதலில் வந்தது சந்தோஷம், வெட்கங்கெட்ட சந்தோஷம். தனக்கு ஒன்றுமில்லை. மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

“நான்தான் டாக்டர்” என்றார். “தினமும் நான்தான்.”

மனைவி எழுந்தாள்.

“இல்ல டாக்டர். இவர் அந்த நேரத்துல தூங்கிட்டிருப்பார். கட்டிக்கிட்டு ஓடுறது என் தம்பி.”

“அவர உடனே கூட்டிட்டு வாங்க. இனிமே ஒரு படி ஏறக் கூடாது.”

அவள் அங்கேயே போன் போட்டாள். ரொம்ப நேரம் அடித்த பிறகு எடுத்தான். இரைப்பு அறை முழுக்கக் கேட்டது.

“சொல்லுக்கா… ஆறாவது மாடிக்கு ஏறிட்டிருக்கேன்.”

“மூட்டைய இறக்கி வச்சிட்டு அப்படியே படியில உக்காரு. எழுந்திரிக்காத. நான் வரேன்.”

கணவர் பக்கம் அவள் திரும்பக்கூட இல்லை. டாக்டர் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இறங்கிப் போய்விட்டாள்.

நேரமில்லை சார் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வெளி அறையில் உட்கார்ந்தார். குழுவில் எல்லாரும் விசாரித்திருந்தார்கள். ‘இதயம் பிரமாதமாக இருக்கிறதாம். நாளைக்கும் ஓட்டம் உண்டு’ என்று எழுதி அனுப்பினார். கைதட்டல் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. அதன் பிறகுதான், நாளைக்கு யாரை ஓட வைப்பது என்ற கவலை அவரைப் பிடித்துக்கொண்டது.