முள் குதித்த இடம்

அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் புதுப் பிளாஸ்டிக் வாசனை வந்தது. உள்ளே கன்னங்கரேலென்று, ஒரு விரல் ரேகைகூடப் படாமல், இளவயதில் நான் கேட்டுக் கேட்டுத் தேய்த்த அதே ரிக்கார்டு. அமெரிக்காவில் ஏதோ ஒரு கிளப்பில், ஆட்கள் தின்று குடித்துக்கொண்டிருக்கும்போதே பதிவு செய்த ஜாஸ் கச்சேரி அது. இத்தனை வருடம் கழித்து அதை மறுபடியும் அச்சடித்து விற்கிறார்களாம். அனுப்பியது என் மச்சான்; மனைவியின் அண்ணன், மஸ்கட்டில் இருக்கிறான். லீவுக்கு வந்த ஊர்க்காரர் ஒருவரிடம் கொடுத்துவிட்டிருந்தான். நன்றி சொல்லத்தான் தோன்றியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றியதோ, ‘மாட்டிக்கிட்டியாலே’ என்பதுதான்.

அவன் மேல் எனக்குப் பொறாமை. சுற்றி வளைக்க இதில் ஒன்றுமில்லை. நல்ல மனுசன், என் வயதுக்காரன், எனக்கு ஒரு கெடுதலும் செய்யாதவன். அப்படியிருந்தும் அவன் பெயரைக் கேட்டால் எனக்குப் புகைகிறது. இன்றைக்கும் புகைகிறது.

எங்கள் ஊர் இராஜாக்கமங்கலத்துப் பக்கத்துக் கடற்கரை. மாதா கோயில் பேண்டு செட்டில் நான் சாக்ஸபோன், அவன் கிளாரினெட். பத்தாம் திருவிழாத் தேர், சிலுவை நிற்கிற குருசடி முக்கில் திரும்பும்போது பேண்டு மொத்தமும் நின்றுவிடும். ஒரே ஒரு கருவி மட்டும் தனியாக வாசிக்கும். தேர் திரும்பி முடிகிறவரை ஊரே அந்த ஒருவனைத்தான் கேட்டுக்கொண்டு நிற்கும். அந்த முக்கு ரொம்ப காலம் என்னுடையதாக இருந்தது. நான் வாசித்தது, கப்பலில் வேலை பார்த்த என் சித்தப்பா கொண்டுவந்த பழைய ரிக்கார்டில் இருந்த ஒரு மெதுவான பாட்டு. குடித்துக்கொண்டு கேட்கிற பாட்டை மாதாவுக்கு முன்னால் வாசிக்கலாமா என்று ஒருத்தரும் கேட்டதில்லை. பங்குச்சாமியார் ஒருமுறை, “இது என்ன பாட்டு?” என்றபோது மச்சான் கண்ணை இமைக்காமல், “லத்தீன் பாட்டு சாமி” என்றான். அவரும் தலையாட்டிக்கொண்டே போய்விட்டார்.

அந்தப் பழைய ரிக்கார்டில் ஒரு கீறல். பாட்டு உருகி மேலே ஏறுகிற நேரத்தில் முள் ‘டக்’கென்று குதித்து, கைதட்டலுக்கு நடுவில் போய் விழும். நடுவில் என்ன இருந்தது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. நான் ரிக்கார்டுக்கு உண்மையாக இருந்தவன். முள் குதிக்கிற இடத்தில் நானும் குதிப்பேன். பாதியில் நிறுத்தி, ஒரு நொடி விட்டு, கைதட்டலுக்கு அடுத்து வருகிற அடியைத் தொடங்குவேன். அதுதான் அந்தப் பாட்டின் அழகு என்று பேண்டு செட்டில் எல்லாருக்கும் விளக்கம் வேறு சொல்லியிருக்கிறேன்.

2004-இல், கடல் ஊருக்குள் ஏறி வருவதற்கு முந்தி நடந்த திருவிழா. முக்கில் நான் வாசித்து, குதிக்கிற இடத்தில் நிறுத்தினேன். அதே நேரம் தேரின் சக்கரம் மணலில் புதைந்து தேரும் நின்றது. அத்தனை ஜனமும் மூச்சை அடக்கி நின்ற அந்த அமைதியில் பின்னாலிருந்து கிளாரினெட் கிளம்பியது. நான் விட்ட இடத்திலிருந்து எடுத்து, மெல்ல மேலே ஏறி, அங்கே கொஞ்சம் தயங்கி, அழுகிற மாதிரி வழுக்கி இறங்கி, நான் தொடங்க வேண்டிய இடத்தில் கொண்டுவந்து விட்டது. தேரும் அசைந்தது. பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். என் மனைவியும் துடைத்தாள். அடுத்த வருடத்திலிருந்து முக்கு அவனுடையது. யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

சில வருடத்தில் அவன் மஸ்கட் போனான். வடசேரி பஸ் ஸ்டாண்டில் வழியனுப்பும்போது என் முகத்தில் சிரிப்பை மறைக்கப் பெரும் பாடுபட்டேன். முக்கு திரும்பக் கிடைத்தது. என்ன பிரயோசனம்? “மஸ்கட் அண்ணன் இழுத்த மாதிரி இழுங்க” என்றார்கள். என் வாயால், என் மூச்சால், அவனுடைய அந்தத் துண்டை வருடா வருடம் வாசித்தேன்.

ஆகவே புது ரிக்கார்டைப் பார்த்ததும் எனக்கு ஏன் அப்படி ஒரு சந்தோஷம் என்று புரியும். இப்போது தெரிந்துவிடும், அங்கே உண்மையில் என்ன இருந்தது என்று. முள்ளை வைத்தேன். அந்த இடம் வந்தது. முள் குதிக்கவில்லை. சாக்ஸபோன்காரன் வாசிப்பதை நிறுத்திவிட்டான். பெரிய பாஸ் வாத்தியத்தின் தந்தி மட்டும் ஒற்றையாக நடக்கிறது, யாரோ இருமுகிறார்கள், கிளாஸ் ஒன்று மேசையில் தட்டுகிறது. அப்புறம் கைதட்டல். மச்சான் வாசித்தது அதில் எங்கேயும் இல்லை.

உடனே போன் போட்டேன்.

“மாப்ள, கேட்டியா? எப்படி இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு. நீ வாசிச்சது இதுல இல்ல, தெரியுமா? அவன் அந்த எடத்துல ஒண்ணும் வாசிக்கல்ல. சும்மா நிக்கான்.”

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். “பின்ன? அவன் வாசிச்சத நான் எங்க கேட்டேன்? ஓட்ட கெடந்துச்சு, அடச்சேன். வள்ளத்துல தண்ணி ஏறும்ப, அடைக்கது என்ன மரம்னு பாத்துட்டா இருப்ப? நீ உன் இஷ்டம்போல வாசி மக்கா.”

அவன் சண்டைக்கு வந்திருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். விட மனமில்லை. ரிக்கார்டு பிளேயரைத் தூக்கிக்கொண்டு போய் பேண்டு அறையில் எல்லாருக்கும் போட்டுக் காட்டினேன். இனி இப்படித்தான் என்றேன். டிரம்பெட் வாசிக்கிற ஆட்டோக்காரர் கடைசிவரை கவனமாகக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். “நல்லாருக்கு அண்ணே. ஆனா ரிக்கார்டுல தப்பா இருக்கே. மஸ்கட் அண்ணன் வாசிக்கத விட்டுட்டானுவளே.” மற்றவர்களும், ஆமா ஆமா என்றார்கள்.

நேற்றுச் சாயங்காலம் மறுபடியும் அந்தப் பெட்டியை எடுத்தேன். பிளாஸ்டிக் வாசனை போய்விட்டது. கீறல் மட்டும் ஒன்றும் விழவில்லை, அவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறேன். அடுக்களையில் மனைவி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். பாட்டு ஏறியது, சாக்ஸபோன் நின்றது, பாஸ் தந்தி ஒற்றையாக நடந்தது. அந்த இடத்தில், கையில் கத்தியோடு, தன்னை அறியாமல் அவள் முனகத் தொடங்கினாள். மெல்ல மேலே ஏறி, கொஞ்சம் தயங்கி, வழுக்கி இறங்கினாள். நான் வாசித்த எதையும் அவள் இப்படி முனகி நான் கேட்டதில்லை.

அவள் முடிக்கவும், ரிக்கார்டில் கைதட்டல் கிளம்பவும் சரியாக இருந்தது. விசில் வேறு அடித்தார்கள். பாவிகள், அமெரிக்காக்காரர்களும் என் மச்சானுக்குத்தான் கைதட்டுகிறார்கள்.