ஒண்டுக்குடித்தனத்து மெயில்

எங்கள் பட்டறையில் தபாலக்கா என்றால் தெரியாதவர் கிடையாது. தபால் நிலையத்துக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒரு கால் குட்டையானவர்கள், விரல் இழந்தவர்கள், பாதம் வளைந்தவர்கள் என்று ஒவ்வொருவருக்கும் அளவெடுத்து ஷூ செய்கிற பட்டறை இது. அவள் இங்கே சரக்கறையைப் பார்த்துக்கொள்ள வந்தவள். பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை ஒருநாள் உருவி எடுத்தாள், அவ்வளவுதான். 'உனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே' என்று முதலாளி பட்டறையின் மெயில் பொறுப்பையும் அவள் தலையில் கட்டிவிட்டார். சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டாள்.

நான் தோல் வெட்டுபவன். பட்டறையில் எனக்கு வைத்திருக்கும் பெயர் சிடுமூஞ்சி, பொருத்தமான பெயர். தபாலக்காவைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். வாரத்துக்கு இரண்டு மெயில் அனுப்புவாள். பாஸ்வேர்டை மாற்றுங்கள், தெரியாதவர் அனுப்பியதைத் திறக்காதீர்கள், தேவையில்லாததை அழியுங்கள். இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருப்பவள் வாயால் சொன்னால் என்ன? கேட்டால், "வாயால சொன்னா நீங்க காதுல வாங்க மாட்டீங்கண்ணா" என்பாள். அது உண்மைதான்.

இந்த வருடம் நாங்கள் அனுப்பும் மெயில்கள் வாடிக்கையாளர்களுக்குப் போய்ச் சேராமல் திரும்பத் தொடங்கின. காரணத்தை அவள்தான் கண்டுபிடித்தாள். நம் மெயில் ஒண்டுக்குடித்தனத்தில் இருக்கிறதாம். ஒரே சர்வரில் நூறு நிறுவனங்கள். அதில் எவனோ ஒருவன் ஊருக்கெல்லாம் குப்பை மெயில் அனுப்பியதால் எல்லோருக்கும் கெட்ட பெயர். தனி சர்வர் எடுத்துக் குடிபோய்விடலாம் என்றாள். எனக்குத் தெரிந்த சர்வர் காபி கொண்டுவந்து வைப்பவர்தான். இருந்தாலும் அடுத்த குடித்தனக்காரன் செய்த தப்புக்கு நமக்கு அடி என்பது புரிந்தது. வெளி ஆளிடம் கொடுக்கலாமா என்று முதலாளி இழுத்தார். நானே செய்கிறேன் என்றாள். ஆழம் தெரியாமல் காலை விடுகிறாள் என்று நான் எல்லோர் காதிலும் விழும்படி முணுமுணுத்தேன்.

ஒன்பது நாள் வேலை. பழைய இடத்துக்கு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி வரைதான் கெடு. அதன்பின் அங்கே விட்டு வந்ததெல்லாம் அழிந்துவிடும். அன்று மதியம் எல்லோருக்கும் புது சர்வரிலிருந்து மெயில் வந்தது. கை தட்டினார்கள். நானும் என் பெட்டியைத் திறந்தேன். வந்த மெயிலெல்லாம் இருந்தது, ஃபோல்டர்களைத்தான் காணோம்.

முப்பது வெளியூர்க்காரர்களின் கால் அளவு, காகிதத்தில் வரைந்த பாதம், மருத்துவர் குறிப்பு என எல்லாவற்றையும் ஆளுக்கொரு ஃபோல்டரில் வைத்திருந்தேன். ஆளின் பெயர் எனக்கு மனதில் நிற்காது, கால் நிற்கும். ஆகவே 'வலது குட்டை', 'சுண்டுவிரல் இல்லை', 'குதிகால் மகாராணி' என்று பெயர் வைத்திருந்தேன். மறுபடி அளவு கேட்டால் முப்பது பேரும் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு மருத்துவமனைப் படியேற வேண்டும். நான் கத்தினேன். தெரியாத வேலையில் எதற்குத் தலையைக் கொடுத்தாய் என்றேன். இன்னும் மோசமாகவும் பேசினேன். அதையெல்லாம் எழுத வெட்கமாக இருக்கிறது.

முதலாளி வந்து யார் தப்பு என்று கேட்டார். பழைய சர்வர் கம்பெனிக்காரன் மேல் பழியைப் போட்டிருந்தால் எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

"நான்தான் சார் விட்டுட்டு வந்தேன்" என்றாள். "அண்ணா பெட்டியில கிறுக்கல் கிறுக்கலா பேர் இருந்த ஃபோல்டர் நிறைய இருந்துச்சு. வைரஸ்னு நெனச்சுட்டேன்."

பழைய இடத்தைத் திறந்து காட்டினாள். ஒவ்வொரு பெயரும் & குறியில் தொடங்கி, இங்கிலீஷ் எழுத்துகளைக் கொட்டிக் கலைத்தது போல அர்த்தமில்லாமல் ஓடியது. இதெல்லாம் நான் வைத்த பெயரே இல்லை என்று அதற்கும் எகிறினேன். அப்போது மணி மூன்றரை.

"அண்ணா, நீங்க எந்த மொழியில பேர் வச்சீங்க?"

"தமிழ்லதான். வேற எதுல வைப்பாங்க?"

அவள் முகம் மாறியது. புது சர்வரில் 'கால்' என்று ஒரு ஃபோல்டர் போடச் சொன்னாள். போட்டேன். சர்வருக்குள் போய்ப் பார்த்தாள். அங்கே 'கால்' இல்லை, & குறியும் அதே மாதிரிக் கிறுக்கலும்தான் இருந்தன. நாம் தமிழில் எழுதும் பெயரைச் சர்வர் உள்ளே அப்படித்தான் எழுதி வைத்துக்கொள்ளுமாம்.

"வைரஸ் இல்லண்ணா" என்றாள். "உங்க தமிழ்."

ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தாள். புதுப் பெட்டியில் முதலில் 'வலது குட்டை' வந்தது, பிறகு 'மகாராணி' வந்தாள். பின்னால் பட்டறையே நின்றது. அவள் என் பக்கம் திரும்பாமலே வேலை செய்தாள். திரும்ப முடியாதபடி பேசியவன் நான்தானே. ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது முப்பதும் வந்துவிட்டன. இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. அது எது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

போதும், அதை விட்டுவிடு என்றேன். ஒருமுறை விட்டுப் பட்டது போதும் என்று அதையும் கொண்டுவந்தாள். திரையில் 'நச்சரிப்பு' என்று வந்தது. திறந்தாள். உள்ளே இருந்ததெல்லாம் அவள் எனக்கு அனுப்பிய மெயில்கள், நான்கு வருடத்து மெயில்கள்.

அவள் அடிவரைக்கும் தள்ளிப் பார்த்தாள்.

"ஒண்ணைக்கூட அழிக்கலையே அண்ணா."

"எப்படி அழிக்கிறதுன்னு எனக்குத் தெரியாதும்மா."

"மூணாவது மெயில்ல சொல்லியிருக்கேனே."

தெரியும். அதையும் படித்துவிட்டுத்தான் பத்திரமாக வைத்திருந்தேன்.